பதினான்கு வேகங்களும் ஒரு கல்வமும்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு சித்த மருத்துவர். சில ஆண்டுகளாகப் பயிற்சி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன மாதம் முதுகுப் பிடிப்போடு பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்குத் தொக்கணம் கொடுக்கும்படி ஒரு மாணவியிடம் சொன்னேன். எண்ணெய் தடவி, உடம்பைத் தட்டியும் அழுத்தியும் இழுத்தும் செய்கிற சிகிச்சை அது. ஒன்பது வகை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பதையும் அந்தப் பெண் வரிசை மாறாமல் சொல்வாள். ஆனால் ஐந்தே நிமிடத்தில் முன்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பெருவிரலை ஊன்ற முடியவில்லை. "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்றேன். "டீ மட்டும்தான் மேம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீட் தேர்வுக்காக ஓரிரு வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறார்கள். அப்புறம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இரவு ஒரு மணி வரை பாடம், நடுவில் பரோட்டா, காலையில் அரக்கப் பரக்க ஓட்டம். தேரையர் என்ற சித்தர் சொன்ன 'பகல் துயிலோம்' என்பதைத் தேர்வில் எழுதிவிட்டு வந்து மத்தியானம் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறார்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று படிக்கிற விடுதியில், தீபாவளிக்குத்தான் தலையில் எண்ணெய் ஏறுகிறது.

இதில் என்னை உறுத்துவது வேகங்கள்தான், அதாவது உடம்பில் தானாக எழும் உந்துதல்கள். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல் என்று அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கை நம் மருத்துவம் எண்ணி வைத்திருக்கிறது. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு வரும் என்று முதலிலேயே படித்துவிடுகிறோம். நான் படித்த கல்லூரியில் பெண்கள் கழிவறைக் குழாயில் பாதி நாள் தண்ணீர் வராது. அதனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருப்போம். தாகம் ஒன்று, சிறுநீர் ஒன்று, இரண்டு வேகத்தையும் சேர்த்தே அடக்கினோம். இறுதியாண்டில் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். இன்றைக்கும் சில மாணவிகள் இதையேதான் என்னிடம் சொல்கிறார்கள்.

சித்த மருத்துவம் உடம்பைக் கேட்கிற தொழில். மருந்தைக் கல்வம் என்கிற அரைகல்லிலிட்டு இரண்டு சாமம், நான்கு சாமம் அரைக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. ஒரு சாமம் மூன்று மணி நேரம். இப்போது அரைக்க இயந்திரம் வந்துவிட்டது, சரி. தொக்கணத்துக்கும், உடம்பின் முக்கியப் புள்ளிகளை அழுத்திச் செய்கிற வர்மத்துக்கும் கைதானே வேண்டும்? குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களில் பலர் சிலம்பமும் அடிமுறை என்கிற தற்காப்புக் கலையும் பழகியவர்கள். கம்பு பிடித்த கைக்குத்தான் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியும். மூலிகை பார்க்கப் பொதிகைப் பக்கம் மலையேறினால், பாதி வழியிலேயே பாதிப் பிள்ளைகள் பாறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் நடந்தால் ஐந்து நாளில் முடிந்துவிடும். யோகமும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதைத் தேர்வுக்கு மட்டும் செய்துகாட்டாமல், தினமும் காலையில் பாய் விரித்துச் செய்யுங்கள். கல்வத்தைப் பிடித்துப் பதினைந்து நிமிடம் அரைத்துப் பாருங்கள், தோளும் மணிக்கட்டும் தானாக இறுகும். காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் கண்ணுங்களா, இரண்டு இட்லியாவது போதும்.

கல்லூரி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கால அட்டவணையில் விளையாட்டுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கும் முன்னால், கழிவறைக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று நாளைக் காலையிலேயே போய்த் திறந்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.