ஐந்து முறை மாறிய ஆட்டம், ஒரே சரத் கமல்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பேட் உறையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம்.

டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பதக்கப் பட்டியலை வாசித்தாலே எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும். காமன்வெல்த் விளையாட்டுகளில் மட்டும் 13 பதக்கம், அதில் 7 தங்கம். தேசிய சாம்பியன் பட்டம் 10 முறை. கமலேஷ் மேத்தா 8 பட்டங்களோடு வைத்திருந்த சாதனையைத் தாண்டியவர். ஒலிம்பிக்ஸ் 5. போதும், இதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நான் பேச வந்தது வேறு விஷயம். இந்த மனிதர் வளர்ந்து ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் ஆடிய ஆட்டத்தை ஐந்து தடவை மாற்றிவிட்டார்கள்.

1982-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். அப்பா சீனிவாச ராவ், அப்பாவுடன் பிறந்த முரளிதர ராவ், இரண்டு பேருமே பயிற்சியாளர்கள். பையன் கையில் பேட் வந்ததில் ஆச்சரியமில்லை. அன்று பந்து 38 மில்லிமீட்டர். ஒரு கேமுக்கு 21 புள்ளி, ஆளுக்கு ஐந்து ஐந்து சர்வ். பத்து வருஷத்துக்கு மேல் அவர் உடம்பில் ஏறியது இந்தக் கணக்குதான்.

அவருக்கு 18 வயதாகும்போது, 2000-இல், பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பந்தின் எடை மூன்று கிராம்கூட இல்லை. பெரிதானால் காற்று அதைக் கூடுதலாகப் பிடித்து நிறுத்தும். வேகமும் குறையும், ஸ்பின்னும் குறையும். நேற்றுவரை எதிராளி தொட முடியாத பந்து இன்று சாவகாசமாகத் திரும்பி வரும். அடுத்த வருஷம் 21 புள்ளி 11 ஆனது, சர்வ் ஆளுக்கு இரண்டானது. முன்பெல்லாம் 5-10 என்று பின்தங்கினால் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று மூச்சு வாங்க நேரம் உண்டு. இப்போது 5-10 என்றால் கேம் போச்சு. அதற்கும் அடுத்த வருஷம், உடம்பாலோ கையாலோ பந்தை மறைத்து சர்வ் போடக் கூடாது என்றார்கள்.

மூன்று வருஷத்தில் மூன்று மாற்றம். சின்ன வயதில் கற்றதில் பாதி செல்லாக்காசு. அதற்கு அடுத்த வருஷம், 2003-இல்தான், சரத் முதல் தேசியப் பட்டத்தை வாங்கினார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. மூத்தவர்கள் தடுமாறிய நேரத்தில் இளையவர் நுழைந்தார் என்று. இருக்கலாம். ஆனால் அதே வயதில் அன்று ஆடிய எத்தனையோ பேரில் மற்றவர்களும் நுழைந்திருக்கலாமே?

2006, மெல்போர்ன். காமன்வெல்த் ஒற்றையர் இறுதியில், ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்ஸெலை அவர் ஊர் ரசிகர்கள் முன்னாலேயே வென்று தங்கம். குழுப் போட்டியிலும் தங்கம். அப்புறம் ஐரோப்பிய லீக்குகளுக்குப் போனார். வேறு வழியில்லை, வாரம் தவறாமல் பெரிய ஆட்டக்காரர்களோடு மோத இங்கே அப்போது இடமில்லை. அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் தொடங்கியதே 2017-இல்தான்.

நான்காவது மாற்றம், ஸ்பீட் குளூ தடை. இதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் பேட்டின் மேலிருக்கும் ரப்பரை உரித்து, ஸ்பீட் குளூ என்ற பசையைத் தடவி, மறுபடி ஒட்டுவோம். பசையில் உள்ள கரைப்பான் ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சை உப்ப வைக்கும், பந்து எகிறிப் பறக்கும். அடித்தால் "டக்"கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒட்டியவர்கள் உண்டு. நானும்தான், என் ஆட்டம் அதனால் ஒன்றும் தேறவில்லை. அறை முழுக்க நெடி, சாயங்காலம் தலைவலி. அந்த ஆவி உடம்புக்கு ஆகாது என்று 2008-இல் நிறுத்தினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், ஃபோர்ஹேண்டை வைத்தே அடித்து நொறுக்கும் பாணி. சரத்துக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. இருந்தும் 2010-இல் எகிப்து ஓப்பன், அமெரிக்க ஓப்பன் இரண்டையும் வென்றார்.

அதற்குப் பிறகு வறட்சி. லண்டன் ஒலிம்பிக்ஸில் அவர் இல்லை. 2014-இல் ஐந்தாவது மாற்றம்: செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. எரியக்கூடிய பழைய பந்தைவிட இது பாதுகாப்பு, உண்மைதான். ஆனால் குதிப்பு வேறு, ஸ்பின் இன்னும் குறைவு. அப்போது அவருக்கு 32 வயது. வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, "போதும்" என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த சர்வதேச ஓப்பன் பட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2020, ஓமன். பத்து வருஷம் கழித்து! நடுவில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குழுவோடு ஒரு வெண்கலம், மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையரில் ஒரு வெண்கலம். ஆசிய விளையாட்டில் டேபிள் டென்னிஸ் சேர்ந்து 60 வருஷம் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் அவை.

எனக்குப் பிடித்தது பதக்கம் எதுவும் வராத ஓர் ஆட்டம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ், மூன்றாவது சுற்று, எதிரே சீனாவின் மா லாங். முதல் கேம் போனது. இரண்டாவதை 11-8 என்று சரத் எடுத்தார். மூன்றாவது 11-13. அந்த இரண்டு புள்ளி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். கடைசி இரண்டு கேமிலும் மா லாங் நான்கே புள்ளி கொடுத்தார். அவரே அந்த முறை தங்கமும் வென்றார்.

மறு வருஷம் பர்மிங்காம் காமன்வெல்த். சரத்துக்கு 40 வயது. ஒற்றையர் இறுதியில் எதிரே இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு, அவர் சொந்த நாட்டில். முதல் கேமை 11-13 என்று விட்டுவிட்டு, அடுத்த நான்கையும் சரத் வரிசையாக எடுத்தார். மெல்போர்னுக்கு 16 வருஷம் கழித்து மறுபடி ஒற்றையர் தங்கம். குழுவிலும் தங்கம், ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையரிலும் தங்கம், சத்தியனோடு இரட்டையரில் வெள்ளி.

2025 மார்ச்சில், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த டபிள்யூ.டி.டி. (வேர்ல்ட் டேபிள் டென்னிஸ்) சர்வதேசப் போட்டியோடு சரத் நிறுத்திக்கொண்டார். கடைசி ஆட்டத்தில் அவரை வென்றவர் ஸ்நேஹித், இளம் இந்திய வீரர். பெரிய பந்து, 11 புள்ளி, பசை இல்லாத ரப்பர் என்று இன்றைய ஆட்டத்திலேயே வளர்ந்த பையன்.

சரி, என் நேரம் முடிந்தது. அந்த மேஜையில் வலை கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் பேட்டை வெளியே எடுங்கள்.