இலக்கணம் படிப்பித்த கவிஞர்

வணக்கம் நேயர்களே. மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கு எம்.ஏ. நுஃமான் என்றால் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’தான். திருகோணமலையில் தமிழ் படிப்பிக்கிறவன் நான். “கவிதை எழுதினவரும் இவர்தானா சேர்?” என்று கேட்பார்கள். இவரேதான். இலக்கணக்காரர் உள்ளே இருந்தபடியால்தான் அந்தக் கவிதைகள் அப்படி வந்தன என்பது என் கட்சி.

1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். ஈழத்துக் கவிஞர்களான நீலாவணன், மஹாகவி ஆகியோரோடு நெருங்கிப் பழகியவர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி, பேராதனையில் பேராசிரியரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வு செய்தார். பதவிக்கதை இவ்வளவும் போதும்.

அவருடைய ‘புத்தரின் படுகொலை’ கவிதைக்கு வருவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் போயின. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டியவர்கள் பலர். நுஃமான் ஒரு கனவைச் சொல்கிறார். புத்தர் சுடப்பட்டு இறந்தார் என்று செயப்பாட்டு வினையில் தொடங்குகிறார். பத்திரிகைச் செய்தி என்றால் அநேகமாக அதோடு நின்றுவிடும். இவர் அடுத்த வசனத்திலேயே செய்தவர்களை எழுவாயாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்: கொன்றவர்கள் சிவில் உடையில் வந்த அரச காவலர்கள். சடலம் நூலகப் படிக்கட்டருகே. இரவில் அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்கிறார்கள். இவரைக் கொல்லாமல் ஓர் ஈயைக்கூடச் சுட முடியாதே என்று பதில் வருகிறது. பிறகு நூல்களைக் குவித்து உடலை எரிக்கிறார்கள். பௌத்த நூலான தம்மபதமும் சாம்பலாகிறது. கத்தல் இல்லை, சாபம் இல்லை. பொலிஸ் முறைப்பாடு எழுதுகிற தொனி. அதனால்தான் சுடுகிறது.

அதே ஆண்டில் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1984இல் கவிஞர் அ. யேசுராசாவோடு சேர்ந்து ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுத்தார். மஹாகவியின் எழுத்துகள் அச்சேறவும் பாடுபட்டார். மற்றவர்களுக்காக இவ்வளவு உழைக்காமல் தன் கவிதைகளை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய இலக்கண நூலைக் கையில் எடுக்கும்போது அந்தக் குறையும் பாதி தீர்ந்துவிடும். நன்னூற் சூத்திரங்களை மனனம் செய்து களைத்த பிள்ளைக்கு, இன்று நாம் எழுதுகிற தமிழை வைத்து விளக்கம் சொல்கிற நூல் அது.

செயப்பாட்டு வினைப் பாடம் வரும்போது, ஆசிரிய நண்பர்களே, ‘பாடம் படிக்கப்பட்டது’ என்ற பழைய உதாரணத்தை விட்டுவிட்டு இந்தக் கவிதையின் முதல் வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.