அணுவே ஆடுகிறது, அப்புறம் எதை அளக்கிறார்கள்?

அடுத்த கேள்விக்கு வருவோம். "ஈர்ப்பலையைப் பிடிக்கும் லைகோ, புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவைக்கூட அளக்கும் என்கிறீர்கள். அவர்களுடைய லேசரின் அலைநீளமே 1064 நானோமீட்டர். போதாததற்குக் கண்ணாடியில் இருக்கும் அணுக்களே அதைவிடப் பல மடங்கு ஆடும். கதை விடுகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கேட்க வேண்டிய கேள்விதான். (ஈர்ப்பலை என்பது கருந்துளைகள் மாதிரிப் பெரிய நிறைகள் மோதும்போது வெளியில், அதாவது இடத்திலேயே, பரவும் நெளிவு. அதைப் பிடிக்க அமெரிக்காவில் கட்டிய கருவிதான் லைகோ.)

அலைநீளத்தை ஸ்கேலில் இருக்கும் கோடு மாதிரி நினைப்பதால் வரும் குழப்பம் இது. கல்லூரி லேபில் மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் செய்தவர்களுக்கு நினைவிருக்கும், சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்துச் சேர்த்தால் திரையில் வளையம் வளையமாக விழும். ஒரு கண்ணாடி 158 நானோமீட்டர், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு, நகர்ந்தால் போதும், நடுவில் வெளிச்சமாக இருந்த இடம் இருட்டாகிவிடும். மேசை ஓரத்தை விரலால் அழுத்தினாலே வளையங்கள் ஓடும். ஒரு கதிருக்குக் கீழே சும்மா கையை நீட்டினால், உள்ளங்கைச் சூட்டில் காற்று லேசாகி வளையம் நெளியும். முதல் தடவை நான் செய்தபோது படம் நிற்கவே இல்லை, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன், பார்த்தால் வெளியே மாடிப்படியில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அந்த வெளிச்சம் பட்டென்று அணைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. அந்த மங்கலில் லட்சத்தில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்தால் அசைவிலும் அவ்வளவு சிறியது கைக்கு வந்துவிடும். லைகோவும் இதே ஏற்பாடுதான், கதிர்கள் போய்த் திரும்பும் அதன் இரண்டு கைகளும் ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர், அதற்குள் ஒளி சுமார் 300 தடவை பட்டுப் பட்டுத் திரும்புவதால் 1200 கிலோமீட்டர் கை மாதிரி வேலை செய்கிறது. திரும்பி வரும் இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்ளும்படி வைத்து, அவை சேர்ந்து வெளியே வரும் இருட்டான வாசலில் எவ்வளவு ஒளி கசிகிறது என்று பார்க்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். ஒளி ஃபோட்டான் ஃபோட்டானாக, அதாவது துகள் துகளாக வருகிறது. தகரக் கூரையில் தூறல் விழுந்தால் டப் டப்பென்று தாறுமாறாகக் கேட்கும், அடைமழை என்றால் ஒரே இரைச்சலாகச் சீராகிவிடும், இல்லையா? 100 ஃபோட்டான் எண்ணினால் 10 முன்னே பின்னே இருக்கும், அதாவது 10 சதவீதம். 10 லட்சம் எண்ணினால் 1000, வெறும் 0.1 சதவீதம். அதனால்தான் கைக்குள் நூறு கிலோவாட் கணக்கில் ஒளியைத் தேக்கிவைக்கிறார்கள்.

இப்போது அணு. லேசர் கண்ணாடியில் ஊசிமுனை மாதிரி விழுவதில்லை, சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவி விழுகிறது. அதற்குள் கோடி கோடி அணுக்களுக்கும் மேல். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஆடும், ஒன்று முன்னே போனால் இன்னொன்று பின்னே வரும், ஒளி பார்ப்பது எல்லாவற்றின் சராசரியை. வயலில் ஒவ்வொரு நெற்கதிரும் ஆடுகிறது என்பதற்காக வயல் நகர்ந்துவிடுமா? அதுவும் அணுக்கள் ஆடுவது நொடிக்கு லட்சம் கோடி தடவை என்ற கணக்கில். 2015 செப்டம்பர் 14 அன்று பிடிபட்ட முதல் ஈர்ப்பலையோ நொடிக்கு 35-இல் தொடங்கி 250 தடவை வரைதான் போனது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் கேட்டவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கண்ணாடியின் முகத்தில் ஒளியைத் திருப்புவதற்காக அடுக்கடுக்காகப் பூசிய மெல்லிய பூச்சு இருக்கிறதே, அதன் வெப்ப நடுக்கம் மட்டும் சராசரியில் முழுக்க அடங்குவதில்லை. இன்றைக்கும் அவர்களுக்குப் பெரிய தலைவலி அதுதான்.