நேர்ச்சை முடிந்த மறுநாள்

(ராமநாதபுரம் கடற்கரைப் பங்கு ஒன்றில், மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இயேசுவுக்கே புகழ்!

பங்குத்தந்தை அவர்களே, அருள்சகோதரிகளே, ஊர்ப் பெரியவர்களே, அம்மாமார்களே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அதனால்தான் இத்தனை ஆண்களை ஒரே நேரத்தில் கரையில் பார்க்க முடிகிறது. என் பேச்சுக்காகக் கூடிய கூட்டம் என்று நான் ஏமாந்துவிட மாட்டேன்.

‘நோக்கமுள்ள கிறிஸ்தவ வாழ்வு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டாலே கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஏதோ பெரிய காரியம் சாதித்தால்தான் நோக்கம் இருக்கிறது என்று ஆகிவிடுமோ? நான் அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. நமக்குப் பழக்கமான நேர்ச்சையிலிருந்து தொடங்குகிறேன்.

பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை. வேர்க்காட்டுச் சந்தியாகப்பருக்கோ ஓரியூர் அருளானந்தருக்கோ நேர்ந்துகொள்கிறோம். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிறோம். மொட்டை போடுகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம், உப்பும் மிளகும் கொட்டுகிறோம். நல்ல பழக்கம். நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. எனக்கு இருப்பது மறுநாளைப் பற்றிய கேள்வி. சொன்னதைச் செலுத்தியாயிற்று, ஆண்டவருக்கும் எனக்கும் கணக்கு நேர் என்று எழுந்து போய்விடுகிறோமா?

ஓரியூருக்கு நம்மில் போகாதவர் இல்லை. அங்கே சிந்திய ரத்தத்தால் மண் சிவந்தது என்று நம்பி, செம்மண்ணை முடிந்து எடுத்து வருகிறோம். அருளானந்தர் தலை வெட்டப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையும் ஒரு நேர்ச்சையில்தான் தொடங்குகிறது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1647-இல் லிஸ்பனில், பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ, நம் அருளானந்தர். அரண்மனையில் இளவரசரோடு சேர்ந்து வளர்ந்தவர். சிறுவயதில் படுத்த படுக்கையாகிவிட்டார். அவருடைய அம்மா சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபைக் குருக்களின் அங்கியை உடுத்தி நடமாட விடுகிறேன் என்று. பிழைத்தான். பட்டும் சரிகையுமாகத் திரிகிற பிள்ளைகளுக்கு நடுவே அந்தப் பையன் ஒரு வருடம் கறுப்பு அங்கியோடு நடந்தான். வருடம் முடிந்தது, அங்கியைக் கழற்றியாயிற்று. நம் கணக்குப்படி விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அவர் 1662-இல், பதினைந்து வயதில், அதே அங்கியைக் கேட்டுப் போய் வாங்கிக்கொண்டு சபையில் சேர்ந்தார். இந்த முறை அம்மாவின் நேர்ச்சைக்காக இல்லை, பிழைத்த நன்றிக்காக. 

நன்றி அவரை அங்கேயும் விடவில்லை. மதுரைப் பணித்தளத்துக்கு வந்தார், காவி உடுத்தினார், புலாலை விட்டார், மறவர் நாட்டுக்குள் நடந்தார். 1686-இல் பிடித்து அடித்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று ராமநாதபுரத்தில் எச்சரித்து அனுப்பினார்கள். மறு வருடம் சபையின் வேலையாகப் போர்த்துகலுக்குத் திரும்பச் சொன்னது சபை. போனார். கூட வளர்ந்த இளவரசர் அப்போது அரசர். இங்கேயே இரு என்று அவர் ஆசைப்பட்டார். இவர் கப்பலேறி மறுபடி இங்கேதான் வந்தார். எனக்கு இதில் பிடித்தது, போகச் சொன்னபோது முரண்டு பிடிக்காமல் போனதுதான். திரும்பி வந்தது வீரம், சரி. ஆனால் ஆசைப்பட்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறியதுதான் கீழ்ப்படிதல்.

அப்புறம், மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர். அவரும் நோயிலிருந்து எழுந்தவர். திருமுழுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். பல மனைவியரோடு வாழ்ந்தவர். ஒருவரோடு வாழச் சம்மதித்தால்தான் திருமுழுக்கு என்றார் அருளானந்தர். மற்றவர்களைத் தங்கைகளைப் போலக் காப்பாற்றுவேன் என்று தேவர் சொன்னாராம். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வாள் இறங்கியது. மேடைகளில் அந்தப் பெண்ணை வில்லியாக்கிவிடுகிறோம். எனக்கு அது சம்மதமில்லை. யாரோ ஒருவர் மனம் மாறியதால் தன் வீட்டில் தன் இடம் போய்விட்டதே என்று கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. நாம் கீழ்ப்படியும்போது அதன் செலவை வேறு யாராவது சுமக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர்கள் வருகிறார்கள். குருக்களிடம் போய் உங்களைக் காட்டுங்கள் என்கிறார் ஆண்டவர். சொல்லும்போது யாருக்கும் நோய் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் புண்ணோடுதான் கிளம்புகிறார்கள். போகிற வழியில்தான் குணமாகிறது. ஆகவே பத்துப் பேருக்கும் விசுவாசம் இருந்தது, பத்துப் பேரும் கீழ்ப்படிந்தார்கள். ஒன்பது பேரையும் நாம் சும்மா திட்டுகிறோம், சொன்னதைச் செய்தவர்கள்தானே? ஆனாலும் நன்றி சொல்ல ஒருவன்தான் திரும்பி வந்தான். அவனும் நம்ம ஆள் இல்லை, சமாரியன்.

நம் கரையிலும் அப்படி உண்டு. பாம்பன் சின்னப்பாலத்து லெட்சுமி அம்மாளைச் சிலர் அறிந்திருப்பீர்கள். கடற்பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. துணி சுற்றினாலும் விரல் கிழியும். அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மிச்ச நாளில் பாசி வளரட்டும் என்று. 2015-இல் லெட்சுமி அம்மாளுக்கு சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று நான் கேட்கப் போவதில்லை. கடல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அப்படியே போகாமல் திரும்பி நின்றவர் அவர்.

அப்படியானால் நமக்கு மறுநாள் என்ன வேலை? டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரிக்கும்போது, ஐஸ் கணக்கைக் கூட்டி எழுதாமல் இருப்பது. தடைக்காலத்தில் வேலையில்லாத கூலிக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்டாமல் இருப்பது. ஆவுளியா என்கிற கடல்பசு வலையில் விழுந்தால், யாரும் பார்க்காத இடமாக இருந்தாலும் வலையை அறுத்து விடுவது. வலைக்கு எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. நோக்கம் நோக்கம் என்கிறோமே, அது பெரும்பாலும் இந்த அளவில்தான் வந்து நிற்கும். பேதுருவுக்கும் அப்படித்தான். இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் கிடைக்காமல், கழுவி முடித்த வலையை மறுபடி இறக்கச் சொன்னார் ஆண்டவர். கழுவிய வலையை மறுபடி நனைப்பதில் இருக்கிற எரிச்சல், பிரசங்கம் எழுதுகிறவர்களைவிட உங்களுக்குத்தான் புரியும். இறக்கினார், அவ்வளவுதான்.

தன் வேலையை விட்டுப் போகாத ஒருவர் நம் கரையிலும் இருந்தார். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை இருக்கிறதே, அங்கே 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியர் வரி பிடுங்கியதில் வந்த சண்டை அது. தவறு செய்தவர்கள் வேறு. அதற்குப் பழிவாங்கப் படை வந்தபோது இவர் கரையில் நின்று பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றிக்கொண்டிருந்தார். தானும் ஏறியிருக்கலாம்; ஏறவில்லை.

முடிக்கும் முன், கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் கேட்டதைச் சொல்லியாக வேண்டும். நேர்ந்துகொண்டும் என் பிள்ளை பிழைக்கவில்லையே, நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அருளானந்தரின் மரணச் செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, அவருடைய அம்மா திருவிழாவுக்குப் போவதைப் போல உடுத்தி அரண்மனைக்குப் போனார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய மனசு. ஆனால் அதை எடுத்து இந்த அம்மாவிடம் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. திருப்பாடல்களில் புகழ்ச்சி மட்டுமா இருக்கிறது? எத்தனை காலம் ஆண்டவரே என்று சண்டை பிடிக்கிற பாடல்களும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. அவரும் அதைப் பாடட்டும், நாம் குறுக்கே பேச வேண்டாம். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ஆசீர் முடிந்து போகிற வழியில் பத்து நிமிடம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். வசனம் எதுவும் சொல்லத் தேவையில்லை, காப்பி கொடுத்தால் குடியுங்கள்.

சரி, ஃபாதர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நற்கருணை ஆசீருக்கு எழுந்து நிற்போம்.