‘ஒரு இறாத்தல் பாண்’: கொழும்புப் பேச்சில் எத்தனை மொழி?

[காட்சி: கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சுப் பாண், ரோஸ்ட் பாண்.]

குரல்: “ஒரு இறாத்தல் பாண் தாங்க.” இதில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் தமிழ். நடுவில் உள்ள இரண்டும், எடையைச் சொல்லும் ‘இறாத்தலும்’ பிரெட்டைச் சொல்லும் ‘பாணும்’, கப்பலேறி வந்தவை.

பாணின் வேர் லத்தீன் ‘பானிஸ்’. இத்தாலியர் ‘பானே’ என்பார்கள், ஸ்பானியர் ‘பான்’ என்பார்கள். போர்த்துக்கேயரின் வாயில் அந்த ‘ன’ கரைந்து வெறும் மூக்கொலியாகிவிட்டது. ‘பா’ என்று தொடங்கி, உதட்டைக் குவித்துக்கொண்டே மூக்கால் முடியுங்கள். ஏறக்குறைய ‘பவுங்’ என்று கேட்கும்.

[காட்சி: வரைபடம். லிஸ்பன், கோவா, கொழும்பு, ஜப்பான்.]

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் பாண் போகவில்லை. அந்தச் சொல்லில் மூக்கொலியைப் பிடித்துக்கொண்டவர்கள் நாம்: தமிழில் பாண், சிங்களத்தில் பான். 1543இல் போர்த்துக்கேயர் போய் இறங்கிய ஜப்பானிலும் ‘பான்’தான், அங்கிருந்து கொரியாவுக்குப் போய் ‘ப்பாங்’ ஆனது. மராத்தியரோ உதட்டுக் குவிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மும்பையின் பாவ் பாஜியில் உள்ள ‘பாவ்’ இதே சொல்தான்.

ஒலி ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அதே முடிவுள்ள இன்னொரு சொல்லையும் பாருங்கள். சவர்க்காரத்துக்குப் போர்த்துக்கேயத்தில் ‘சபவுங்’, சிங்களத்தில் ‘சபன்’. அதே மாற்றம். இதைவிடப் பலமான சாட்சி பேக்கரிக்குள்ளேயே இருக்கிறது.

[காட்சி: விறகுப் போறணையின் வாய். நீண்ட பலகைக் கரண்டியில் பாண் வெளியே வருகிறது.]

போறணை! போர்த்துக்கேயத்தில் ‘ஃபோர்னு’, சிங்களத்தில் ‘போரணுவ’. ‘ஃப’ நமக்கு ‘ப’ ஆகிவிட்டது. பண்டமும் அதைச் சுடும் அடுப்பும் ஒரே மொழிப் பெயரோடு வந்திருக்கும்போது, வழியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹிந்திக்காரரின் வெற்றிலைப் ‘பான்’ வேறு. அது இலையைக் குறிக்கும் ‘பர்ண’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் ‘பாண்’ என்றால் பாட்டு. பாணர் அதன் வழி வந்தவர்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் உறவு கிடையாது.

[காட்சி: தராசில் பாண்.]

இறாத்தலின் பயணம் இன்னும் நீளம். கிரேக்கத்தில் ‘லித்ரா’ ஓர் எடை. அரபியில் அது ‘ரத்ல்’ ஆனது, அதிலிருந்து போர்த்துக்கேயத்தில் ‘அராத்தெல்’. பெற்றோல் அளக்கும் லீட்டரும் அதே லித்ராவின் பிள்ளை. ஆங்கிலேயர் காலத்து இறாத்தல் 453.6 கிராம், இன்று முழுப் பாணுக்கு விதித்த எடை 450 கிராம். பேச்சில் மட்டும் இறாத்தல் அப்படியே இருக்கிறது.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே ‘பாண்’ என்று கேட்டால் விளங்காது, ‘பிரெட்’ என்று கேளுங்கள். அங்கே சிலர் அதையே ‘ரொட்டி’ என்றும் சொல்வார்கள். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய நம்மூர் ரொட்டியை எதிர்பார்த்துவிடாதீர்கள்.