மூன்றாவது தலையணை

அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்கும் பெரியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? வயதானவர் யார் வந்தாலும் என் கிளினிக்கில் இதைக் கேட்டுவிடுவேன். ஆறு மாதம் முன்பு ஓர் அம்மா இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். சிரப் இரண்டு பாட்டில் குடித்தும் நிற்கவில்லை என்றார். தலையணையைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடி ஒண்ணு, இப்போ மூணு. படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு மணிக்கு எழுந்து ஜன்னல்கிட்ட உக்காந்துக்குவேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகளுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தி, பத்து எண்ணி எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது. விரல் வீங்கி இறுக்கியதால் மெட்டியைக் கழற்றி இரண்டு வாரம் ஆகிறதாம்.

எக்கோ ஸ்கேனில் இதயம் பலவீனமாக இருப்பது தெரிந்தது. இதை 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை; கேட்டதுமே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இதயம் நின்றுபோகவில்லை, களைத்திருக்கிறது. போதிய ரத்தம் வராததால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பகலில் அந்த நீர் காலில் இறங்குகிறது. படுத்ததும் ரத்தத்தோடு நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் தேங்குகிறது. இருமலும் மூச்சுத்திணறலும் அதனால்தான். எல்லா வீக்கமும் இதயத்தால் வருவதில்லை. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையாலும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பல வருடமாக பிபி. கட்டுக்குள் இல்லாவிட்டால் அதுவே இதயத்தைக் களைக்க வைக்கும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வாசலுக்கே வருகிறது. வந்தது டப்பாவிலேயே கிடந்திருக்கிறது. "பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்" என்றார். அம்மா, நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தானே! இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? இதய பலவீனம் உள்ளவர் ஒரு எடைமிஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் ஏறி நின்று காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலே பல நேரம் ஆஸ்பத்திரிப் படுக்கை தேவைப்படாது. அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று தொட்டுக்கொண்டால் குறைத்த உப்பெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். இந்துப்பு நல்லது என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். இதய மாத்திரைகள் சிலவற்றோடு அது ஆபத்து, கேட்காமல் வாங்காதீர்கள்.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் உதிரியாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளும் உடம்பில் நீரைத் தேக்கும். இதய நோயாளி என்று கடையில் சொல்லாமல் வாங்காதீர்கள். நெஞ்சு அழுத்தி, குளிர்ந்து வியர்த்தால் கேஸ் என்று சோடா குடிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பத்து நாளில் 4 கிலோ நீர் இறங்கியது. போன வாரம் வந்தபோது மெட்டி காலில் இருந்தது. மாதக் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். தேதிக்குப் பக்கத்தில் மகளின் கையெழுத்தில் எடை. இரண்டு கட்டம் மட்டும் காலி. "பொண்ணு ஊருக்குப் போயிட்டா, நம்பரைப் பாத்துச் சொல்ல ஆளில்ல" என்றார். இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். மகள் இல்லாத நாளில், பள்ளிக்கூடம் போகும் வழியில் அவன் வந்து எழுதிவிட்டுப் போகிறான்.