வலிக்கிற ரத்தம், வலிக்காத ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்பவர்கள் மன்னிக்கணும். இன்றைய பேச்சு மலம் கழிப்பதைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன், மாட்டுத்தாவணியில் பூ விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். நாற்காலி நுனியில் ஒருபக்கமாக உட்கார்ந்து, "பசியே இல்லைங்கய்யா" என்றார். சீட்டை வாங்கிக் கதவுவரை போனவர் திரும்பி, "வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. சூடுதானே, மோர் குடிச்சாப் போயிரும்ல?" என்றார்.

மறுபடி உட்காரவைத்துக் கேட்டேன். கண்ணாடிச் சில்லு கீறுவது போல வலியாம். போய் வந்த பிறகும் ஒரு மணி நேரம் எரிச்சலாம். பரிசோதித்தால், மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பு.

விடியுமுன் சந்தைக்கு வருபவர், கழிப்பறைக்குப் பயந்து மத்தியானம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்கிறார். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகித் தோலைக் கிழிக்கும். அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவோம். இதற்கு வைத்தியம், மலத்தை இளக்கும் மருந்து, தசையைத் தளர்த்தும் களிம்பு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டப்பில் தினம் இரண்டு மூன்று தடவை 10, 15 நிமிடம் உட்காருவது. புதிய வெடிப்புகள் பெரும்பாலும் 6 வாரத்துக்குள் ஆறிவிடும்.

மூலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது; பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பவுத்திரம். அது களிம்புக்கு அடங்காது. சுவரெழுத்து வைத்தியர்களோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

பஸ் ஏறும் நேரம் பார்த்து வயிற்றைக் கலக்குவது, போய்வந்தால் லேசாவது, இதெல்லாம் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். தொல்லைதான், ஆபத்தில்லை. ஆனால் மலத்தோடு கலந்து ரத்தம் வருவது, வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த முடியும். தார் போலக் கறுத்துப் போனால் பெரும்பாலும் மேலே, இரைப்பைப் பக்கம் ரத்தக்கசிவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது வேறு.

பரோட்டாவை விடச் சொன்னால் மதுரையில் ஒருவரும் என்னிடம் வரமாட்டார்கள். சரி, மைதாவில் நார் மிகக் குறைவு என்பதாவது ஞாபகம் இருக்கட்டும். மறுநாள் கீரை, கொய்யா, போதுமான தண்ணீர். காலையில் காபி குடித்ததும் குடல் தானாக அசையும். அப்போதே போய்விடுங்கள், செல்போன் இல்லாமல்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கூடவே வீட்டுக்காரர். "இவருக்கு ரெண்டு வருசமா ரத்தம் போகுதாம், வலியில்லையேன்னு இருந்திருக்காரு. இப்பத்தான் சொல்றாரு." அவருக்கு வயது 58. இடுப்பு வேட்டி தளர்ந்திருந்தது. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.